ஒன்பதால் வகுபடும் எண்

எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு புட்டியிலும் எட்டு இலக்க எண் ஒன்று ஒட்டியிருக்கும். இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்கு வரவேண்டும். அதற்காகவே கடைசி இலக்கத்தைச் சேர்க்கிறார்கள். தட்டும்போது ஓர் இலக்கம் தப்பினால் கம்ப்யூட்டர் கத்தித் தீர்த்துவிடும். அது வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் நான்.

தங்கையின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சதை வந்தபோது, நானே பதிகிறேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். 48273165. கம்ப்யூட்டர் கத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தப் புட்டிக்காரம்மா நம்பர் ஏற்கெனவே இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுதே?"

அவள் கையிலிருந்த புட்டியில் மருந்து பட்டு மை கலங்கியிருந்தது. பெரிய மேதாவி மாதிரி எட்டிப் பார்த்தேன்.

"அறுநூத்துப் பதினஞ்சுல முடியும்டி. மாத்திப் படிச்சிருப்ப. போட்டுப் பாரு."

போட்டாள். அதையும் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

எங்கள் இடத்தில் நல்ல முடிவை நான் போனில் சொல்வேன். கெட்டதை டாக்டர் நேரில் சொல்வார். நேற்று அந்தம்மாவுக்கு நான் பேசினேன். "ஒண்ணுமில்லம்மா, சாதாரணக் கட்டிதான்" என்றதும் அழுதுகொண்டே, "உன் வாய்க்குச் சர்க்கரை போடணும் தாயி" என்றார். தங்கையை டாக்டர் கூப்பிட்டார். அவளுக்குப் புற்று.

இன்று காலை, மறுபடி சோதிக்கச் சொல்லலாம் என்று அலமாரியில் அவள் புட்டியைத் தேடினேன். அவள் பெயர் எழுதிய புட்டியில் 48273615 என்றிருந்தது. நான் பதிந்ததோ 165-இல் முடிந்தது. விரலை மடக்கிக் கூட்டினேன். முப்பத்தாறு. நான் பதிந்ததைக் கூட்டினேன். அதுவும் முப்பத்தாறு. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறுமா என்ன? பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அப்படியானால் இரண்டு பேரின் முடிவும் இடம் மாறியிருக்கிறது; தங்கைக்கு ஒன்றுமில்லை. அந்த நிமிஷம் நான் சந்தோஷப்பட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்த பிறகுதான் அந்தம்மா நினைவுக்கு வந்தார். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

டாக்டர் இரண்டு புட்டிகளையும் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்கள உடனே வரச் சொல்லு. ஆபரேஷனைத் தள்ளிப் போட முடியாது."

"நீங்களே பேசுங்க சார்."

"நேத்து தைரியம் சொன்னது நீதானே? நீ கூப்பிட்டாதான் பயப்படாம வருவாங்க."

எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "அம்மா..." என்று இழுத்தேன்.

"அட, நீயா தாயி!" என்றார். "உன் குரலைக் கேட்டாலே மனசு குளிர்ந்துபோகுது. சொல்லு, சொல்லு."