சைக்கிளில் ஏறிய பீன்ஸ்

தையல்காரருக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. "முதல்ல சோளம் முழங்கால் உயரம் வரட்டும், அப்புறம் பீன்ஸ், கடைசியில பூசணி" என்று மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டும் கேட்காமல், கொல்லையில் மூன்றையும் ஒரே நாளில் ஊன்றிவிட்டார்.

பீன்ஸ் கொடி பற்றிக்கொள்ள ஆள் தேடியபோது சோளம் விரல் உயரம்தான் இருந்தது. பக்கத்தில் பஞ்சராகி நின்ற அவருடைய சைக்கிளில் கொடி ஏறிக்கொண்டது. ஹேண்டில்பாரில் பூவும் விட்டது.

பஞ்சர் ஒட்ட வந்த தையல்காரரை மனைவி மறித்தாள். "கொடியில கை வெச்சீங்க, தெரியும் சேதி! சமையலுக்குக் காய் வேணாமா?"

"நான் கடைக்கு எப்படிப் போறது?"

"நடந்துதான். சோளத்துக்கே இல்லாத அவசரம் உங்களுக்கு எதுக்கு?"

அன்று முதல் நடைதான். பூசணிக்கொடி கொல்லைப்படியை நெருங்குவதைப் பார்த்ததும், அங்கே கிடந்த செருப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.