திட்டு வாங்கிய செடி

தலைமையாசிரியை பவ்கியாவுக்கு அறிவியல் என்பது கைப்பேசியில் வந்து விழுவது. யாரோ அனுப்பிய காணொளியில், கொஞ்சிய செடி செழித்ததாம், திட்டிய செடி வாடியதாம். மறுநாளே எகிப்தின் தமன்ஹூர் நகரில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில், அவர் அறைக்குள் இரண்டு டப்பாக்களில் பஞ்சு விரித்து, மொச்சை போன்ற ஃபூல் பயறு ஊன்றியாயிற்று. ஒன்றை ஜன்னலில் வைத்து, "என் கண்ணே, என் உயிரே" என்று கொஞ்சினார். மற்றதை அலமாரிக்குப் பின்னால் இருட்டில் வைத்து, "கழுதை, தண்டச்சோறு" என்று திட்டினார். பதினெட்டு வருடம் பிள்ளைகளிடம் பழகிய வாய், பயறிடம் தடுமாறவில்லை.

இரண்டே வாரத்தில் ஜன்னல் செடி பச்சைப் பசேலென்று நின்றது. இருட்டுச் செடி வெளிறித் துவண்டு சுவரில் சாய்ந்தது. எட்டாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேரும் நோட்டில் கருதுகோள் எழுத வேண்டுமென்று உத்தரவு வந்தது: அன்பான சொல் கேட்டால் செடி வளரும்.

அறிவியல் ஆசிரியை நஜ்வா அதைச் சொல்லச் சொல்லப் பெண்கள் எழுதினார்கள். வெந்த சோற்றைப் பார்த்துவிட்டு, 'சோறு வேகும் என்று கருதுகிறேன்' என்று எழுதுகிற இந்தக் கூத்துக்குத் தானும் துணைபோகிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர்களில் துரய்யா என்பவள் மட்டும் 'மாறிகள்' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: சொல், வெளிச்சம். இரண்டையும் மாற்றிவிட்டதால் செடியை எது வளர்த்தது என்று சொல்ல முடியாது.

பவ்கியா அந்த நோட்டை மேசையில் வீசினார்.

"இவளுக்குச் சைபர் போடு."

செய்முறையில் சைபர் விழுந்தால் அந்தப் பெண் அறிவியலில் தேறமாட்டாள். நஜ்வா நோட்டை எடுத்துக்கொண்டாள்.

"போடறேன் மேடம். அதுக்கு முன்னாடி புதுப் பயறு போட்டு, இடத்தை மட்டும் மாத்தி வச்சுப் பாத்துடலாம். கொஞ்சறதை இருட்டுல வச்சுக் கொஞ்சுங்க. திட்டறதை ஜன்னல்ல வச்சுத் திட்டுங்க. நாங்க சொன்னது தப்புன்னா நானே சைபர் போடறேன்."

"தாராளமா. உங்க ரெண்டு பேரு மூக்கும் ஒண்ணா உடையட்டும்."

பயறு முளைக்கும் முன்பே நஜ்வா துரய்யாவைக் கூப்பிட்டாள்.

"கருதுகோளை இப்பவே எழுதுடி. தேதியும் போடு."

"தப்பாப் போயிட்டா மிஸ்?"

"போனா தப்புன்னு எழுதிக்கலாம், அதுல ஒண்ணும் கேவலமில்ல. முடிவைப் பாத்துட்டு எழுதறதுதான் கேவலம்."

ஜன்னலில் இருக்கும் செடிதான் செழிக்கும், யார் என்ன சொன்னாலும் சரி என்று துரய்யா எழுதித் தேதி போட்டாள்.

பவ்கியா குறை வைக்கவில்லை. காலையில் தேநீருக்கு முன் ஜன்னலைப் பார்த்து ஒரு ஏச்சு, பிறகு ஒரு ஏச்சு. அலமாரிக்குப் பின்னால் குனிந்து குனிந்து கொஞ்சியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இரண்டு வாரம் கழித்து, திட்டு வாங்கிய செடி கொழுகொழுவென்று நின்றது. என் கண்ணே, என் உயிரே இருட்டில் வெளுத்துக் கிடந்தது.

நஜ்வாவும் துரய்யாவும் அறைக்குள் வந்து நின்றார்கள். பவ்கியா இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் ஒரு கணம் தொங்கியது. உடனே நிமிர்ந்தது.

"நான் என்ன சொன்னேன்? திட்டினாத்தான் எதுவும் உருப்படும். நாப்பது பேரும் கருதுகோளைத் திருத்தி எழுதட்டும்."

நஜ்வா சிவப்புப் பேனாவைத் திறந்து, அவர் கண் முன்னாலேயே துரய்யாவின் நோட்டில் பத்துக்குப் பத்து போட்டாள். பவ்கியா அதைக் கவனிக்கவில்லை. ஜன்னல் செடியைத் திட்டப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் துரய்யா நோட்டைச் சுவரில் வைத்து, மிச்சமிருந்த ஒரே இடத்தை நிரப்பி நீட்டினாள்.

மாறிலிகள்: பயறு, பஞ்சு, தண்ணீர், தலைமையாசிரியை.

நஜ்வா அதைப் படித்துவிட்டு, 'சரி' என்று கையெழுத்திட்டாள்.