மூன்றாவது குழி

இரண்டு குழி தோண்டியாகிவிட்டது. இரண்டிலும் காய்ந்த மண். தண்ணீர்க் குழாயை ஒட்டிப் புதைத்த ஃபைபர்தான் கசிவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். குழாய் ஒழுகினால் அங்கே மண் குளிரும். தலைமுடி கனமுள்ள அந்தக் கண்ணாடி இழை குளிர்ச்சியை உணர்ந்து திரையில் காட்டும். திரையைப் பார்த்து இடம் சொல்வது அவள் வேலை. இழையை ஒட்டுவது அவள் கணவன் வேலை.

"மூணாவதும் இப்படின்னா ஃபைபரை உருவிப் போட்ருவேன். நீங்க ரெண்டு பேரும் வேற வேலை பாத்துக்கங்க," என்றார் மேலாளர். மனுஷன் சொன்னால் செய்துவிடுவார்.

திரையில் குளிர் இருக்கிறது, மண்ணில் இல்லை. இதென்ன கூத்து! கணவனை வண்டிக்குள் திரைமுன் உட்காரவைத்துவிட்டு, பிளாஸ்க்கோடு தெருமுனைக்கு ஓடினாள். அங்கே இழை வெளியே தெரியும் தொட்டிக்குள் இறங்கி, வெந்நீரை அதன்மேல் ஊற்றினாள்.

"எங்க சூடு காட்டுது?" என்று போனில் கேட்டாள்.

"பேக்கரி வாசல்ல."

பேக்கரி அவளைத் தாண்டி வெகுதூரத்தில் இருந்தது.

"நடுவுல எங்கியோ இழை சுருண்டு கிடக்குங்க! அந்த நீளத்தையும் தெருன்னு நினைச்சு இது கணக்குப் பண்ணுது."

கணவன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்; வண்டியைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"இழையை ஒட்டுற முதல் பெட்டியில நான்தான் பெரிய வளையமா சுத்தி வச்சேன். அறுந்தா ஒட்டிக்கலாம்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அன்னிக்கு நீ எங்கூடப் பேசலையே."

"பேசாதது நான். உங்க வாயையா கட்டிப் போட்டேன்?"

மண்வெட்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

வளையத்தின் நீளத்தைக் கழித்து, தோண்டிய இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து, முடிதிருத்தும் கடை வாசலில் நின்றாள். "இங்க தோண்டுங்க," என்றாள். இதுவும் பொய்த்தால் வீட்டில் இரண்டு சம்பளமும் போச்சு.

மண் கறுத்தது. பிறகு சேறானது. அடுத்த வெட்டில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கிளம்பி, எட்டிப்பார்த்த மேலாளரின் சட்டையைத் தொப்பலாக நனைத்தது.

முகத்தை வழித்துக்கொண்டு, "அடுத்த தெருவுக்கும் இதையே போடுங்க," என்றார் அவர்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவந்த கணவனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "இனிமே சண்டையானாலும் வளையத்தை மட்டும் சொல்லிருங்க!"

"சொல்றேன்," என்றான் அவன். "ரெண்டாவது பெட்டியிலயும் ஒண்ணு இருக்கு."