மழை விட்டுப்போகும் இடம்

காய்ச்சல் இறங்கிய பிறகும் அவளுக்கு உடம்பில் தெம்பு வரவில்லை. மருந்துக் கம்பெனி ஒன்றில் மென்பொருள் எழுதுகிறவள், லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டில் படுத்துக் கிடந்தாள். பகலில் கண்ணயர மடிக்கணினியில் மழைச் செயலி ஒன்றை ஓடவிடுவாள். முகம் தெரியாத சிலர் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தும்படி இலவசமாக எழுதிவைத்த நிரல் அது. மழைச் சத்தத்தைத் தவிர அதில் வேறெதுவும் கிடையாது.

அந்த மழையில் கட்டில் மெல்ல நகரும். சுவர்கள் கரையும். அவள் பாட்டுக்கு மிதந்து போய்க்கொண்டிருப்பாள். திடீரென்று ஓர் இமைப்பொழுது மௌனம். ஒலிப்பதிவு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் இடம். அவ்வளவுதான், விழித்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் நிரலைத் திறந்து பார்த்தாள். பதிவு முடிந்து மூடிய பிறகே அது மறுபடி அதைத் திறந்துகொண்டிருந்தது. ஒரு முறை ஓய்வதற்குள் மறுமுறை தொடங்கும்படி மூன்று வரிகளை மாற்றினாள். அந்த நிரலை எழுதியவர்கள் மாற்றங்களை மின்னஞ்சலில்தான் ஏற்றுக்கொள்வார்கள். மாறிய வரிகளைக் கடிதத்தில் வைத்துப் பொறுப்பாளருக்கு அனுப்பினாள்.

மின்னஞ்சலில் வரிகள் உடைந்துவிட்டன, சரிசெய்து அனுப்பவும் என்று பதில் வந்தது. அனுப்பினாள். போகிற போக்கில் ஓர் எழுத்துப்பிழையையும் திருத்தியிருந்தாள். அதைத் தனிக் கடிதமாக அனுப்பச் சொன்னார்.

வெந்நீர் கொண்டுவந்த அண்ணி எட்டிப் பார்த்தாள். “மூணு வரிக்கா இந்தப் பாடு? அந்த ஆளு என்ன, உனக்கு மாமியாரா?”

“ஒழுங்கா பாக்குறாரு அண்ணி, பாக்கட்டும்” என்றாள் இவள்.

அடுத்த பதிலில், இந்த மாற்றம் எதற்கு என்று எழுதவில்லையே என்று கேட்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு மழையைக் கேட்டாள். எங்கெங்கோ, எந்தெந்த அறைகளிலோ, இதே மழையில் முகம் தெரியாதவர்கள் மிதந்து போவதும், ஒரே இடத்தில் எல்லோரும் கரைதட்டி விழிப்பதும் தெரிந்தது. ‘நோயில் படுத்திருப்பவர்களுக்கு அந்த இடத்தில் மழை விட்டுப்போகிறது’ என்று எழுதினாள்.

மாற்றத்தைச் சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. கீழே ஒரு வரி: உடம்பு இப்போது தேவலையா?

புதிய பதிப்பு வந்த அன்று அண்ணியும் கேட்டுப் பார்க்கிறேன் என்று பக்கத்தில் சாய்ந்தாள். மழை பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. அண்ணிதான் முதலில் தூங்கிப்போனாள்.

சாயங்காலம் மாடிப்படி ஏறி வந்த அண்ணன் வீட்டுக்குள் மழைச் சத்தம் கேட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் மொட்டைமாடிக்கு ஓடினான். பளீரென்ற வெயிலில் ஒரு கணம் நின்றான். இருந்தாலும் கொடியிலிருந்த துணியையெல்லாம் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

அண்ணி பாதிக் கண் திறந்தாள். “மழையாங்க?”

“ஆமா” என்றான் அவன், வெதுவெதுப்பான துணிகளோடு. “நீ தூங்கு.”