காக்காப்பூவுக்கு எரு

எது வாடினாலும் சாணம் போடு என்பதுதான் கருப்புசாமிக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். நல்லேப்பிள்ளியில் நெல்லுக்கும் தென்னைக்கும் அதைத்தான் போட்டு வளர்ந்தவன். இப்போது மலைமேல் மாட்டுப்பட்டிப் பண்ணையில் மாடு பார்க்கிறான். சாணத்துக்கா பஞ்சம்?

எமர்ஜென்சி வந்த வருஷம், ஆடி நோம்பிக்கு அம்மா வீட்டுக்குப் போன அவன் பெண்டாட்டி மாராத்தாள், வயல் சேற்றோடு காக்காப்பூச் செடியை ஒரு போசிப் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு திரும்பினாள். நெல்லுக்கு நடுவே நீலமாய்ப் பூத்து, ஓணத்துக்குப் பூக்களத்தில் ஏறும் செடி. வெளியே குளிரில் செத்துவிடும் என்று அடுப்படி ஜன்னலில் வைத்தாள். அவளுக்கே இந்த மலையும் மழையும் வந்த நாள் முதல் ஒத்துவரவில்லை.

"இது பூத்துச்சுன்னா நானும் இருந்துக்கறனுங்க. இல்லீன்னா ஓணத்துக்குப் போனவ போனவதான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் நம்பவில்லை. முன்னறையில் தகரப்பெட்டியில் பாதித் துணி அடுக்கியாகிவிட்டது.

எப்படியாவது செடியைப் பூக்க வைத்துவிட வேண்டும் என்று நினைத்தான். அவள் தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்து, மக்கிய சாணத்தைப் பொடித்துப் போசியில் தூவினான். சீமை மாட்டுச் சாணம், சும்மாவா? தினமும் தூவினான். தண்ணீர் பாசிபிடித்துக் கொழகொழத்தது. செடி கூழாய்ச் சாய்ந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

போசியை மாட்டு டாக்டர் பாஸ்கலிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். அவர் சேற்றிலிருந்து ஒரு இழையை விரலில் எடுத்துக் காட்டினார். கடுகிலும் சிறிய பைகள்.

"இந்தப் பையில புழு பூச்சியப் புடிச்சுத் தின்னு பொழைக்கிற செடிப்பா இது. சத்தில்லாத எடத்துலதான் வளரும். எருவப் போட்டு நீயே கொன்னுட்டியே."

வீட்டுக்கு வந்து எதையும் மறைக்காமல் மாராத்தாளிடம் சொன்னான். அவள் போசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க போட்டீங்க?"

"நீ போயிருவீன்னு பயம் புள்ள."

அவள் சேற்றைக் கிளறி, அழுகாத ஒரே ஒரு பச்சை இழையைத் தேடி எடுத்து மழைத்தண்ணீரில் அலசினாள். கண்ணாடி டம்ளரில் மணல் போட்டு மழைத்தண்ணீர் விட்டு அதை நட்டாள். டம்ளரோடு முன்னறைக்குப் போய் வெளிச்சம் பார்த்தாள்.

"இங்கதானுங்க வெளிச்சம் நல்லா உழுகுது" என்று சொல்லி, தகரப்பெட்டியின் மூடி மேல் டம்ளரை வைத்தாள். தண்ணீர் ஆடி அடங்கும்வரை இருவரும் பெட்டியருகே நின்றார்கள்.