நூற்றைந்து டெசிபலுக்குள்

திருச்செல்வம் ஜெயிக்க வேண்டும் என்றுதான் அன்றைக்கு நான் விரும்பினேன். தோற்றவரிடம் பிடுங்க என்ன இருக்கிறது?

பெம்பான் ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சின்ன கார் பந்தயத் தடம். வருஷத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை அங்கே அமெச்சூர் போட்டி நடக்கும். வொர்க்‌ஷாப்காரர்கள், பேங்க் கிளார்க்குகள், ஒன்றிரண்டு வாத்தியார்கள். ஒவ்வொரு காராகத் தடத்தில் விடுவார்கள். ஆளுக்கு மூன்று ஓட்டம். நான்கு போட்டியிலும் சேர்த்து முந்தியவருக்கு வருஷக் கோப்பை.

வேலிக்கு அந்தப் பக்கம் தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு. தோட்டத் தொழிலாளர் லயத்தை இடித்தபோது அங்கே வீடு வாங்கிப் போனவர்கள் பாதிப் பேர். சத்தம் தாங்காமல் அவர்கள் மனு மேல் மனு போட்டதில் போட்டிக்கு நிபந்தனை வந்தது. நிற்கும் காரை முறுக்கினால் நூற்றைந்து டெசிபலைத் தாண்டக்கூடாது. ஓடும்போது வேலியோரம் தொண்ணூற்றிரண்டைத் தாண்டக்கூடாது. அளக்கிறதற்குப் படித்த ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் நான்தான், நளினி. வார நாளில் பேக்டரிகளில் சத்தம் அளந்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். வேறு எதையாவது படித்திருக்கலாம். ஆனால் கடைசி வருஷத்தில் எனக்கு இது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. காரணம் அப்பா.

அப்பா மாயாண்டி, திருச்செல்வத்தின் வொர்க்‌ஷாப்பில் ஒன்பது வருஷம் டைனோ ரூமில் வேலை செய்தார். காரை உருளை மேல் ஏற்றிக் கட்டி, கதவைச் சாத்தி, முழு மூச்சில் முறுக்கி எஞ்சினின் சக்தியைப் பார்க்கும் அறை அது. தகர டப்பாவுக்குள் ஆளை வைத்துச் சுத்தியலால் அடிப்பது மாதிரி. காதில் மாட்டிக்கொள்ள ஒரு பஞ்சு கூடக் கொடுத்ததில்லை. இரண்டு காதும் போயின. தொழிலாளர் நஷ்ட ஈடு தரும் சொக்சோவுக்கு மனு போட்டோம். முதலாளியின் கடிதம் கேட்டார்கள். திருச்செல்வமும் எழுதிக் கொடுத்தார். மாயாண்டி எங்களிடம் கார் கழுவியவர், டைனோ ரூமுக்குள் போனதே இல்லை, கோயில் விசேஷத்தில் உறுமி அடிக்கிற ஆள், காது அதனால் போயிருக்கலாம் என்று.

அப்பா வருஷத்தில் ஒரே ஒரு நாள், கரகம் எடுக்கும் அன்றைக்கு மட்டும் உறுமி அடிப்பார். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் அப்பா உறுமியையே தொடவில்லை. எனக்கு மனு தள்ளுபடியானதை விட இதுதான் ஆறவில்லை.

கடைசிப் போட்டி அன்று காலையில் திருச்செல்வத்தின் காரை அளக்கப் போனேன்.

"யாரு, மாயாண்டி மகளா? அடேயப்பா! தோட்டத்துப் பிள்ள மெஷினெல்லாம் பிடிக்குதே."

"நாலாயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்ல முறுக்கிப் பிடிங்க அங்கிள்."

"இரு லா. பூசை முடியட்டும்."

அவர் மனைவி உஷாராணி நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். கற்பூரம் காட்டிவிட்டு, சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து ஒவ்வொரு இடமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பானெட், ஸ்டீரிங், பின் பம்பர். கடைசியில் குனிந்து புகைக்குழாய்க்கும் ஒன்று வைத்தார்.

"அதுக்குமா ஆன்ட்டி?"

"இத்தனை கத்து கத்துதே, அதுக்கு வைக்காம விடலாமா?" என்று சிரித்தார்.

குழாயின் வாய்க்குள் சத்தம் குறைக்கும் அடைப்பு ஒன்று சொருகியிருந்தது. ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும் இரும்பு வளையம். அது இருந்தால் சத்தம் குறையும், எஞ்சினின் வேகமும் கொஞ்சம் குறையும். சரியாக அந்த வளையத்தின் நெற்றியில்தான் பொட்டு உட்கார்ந்திருந்தது.

மீட்டரைக் குழாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சாய்வாகப் பிடிக்க வேண்டும். ஒரு சாண் கிட்டே கொண்டுபோனால் நாலு டெசிபல் ஏறிவிடும். காட்டியது நூற்று மூன்று. என் கையில் ஒரு சாண் இருந்தது. சத்தியமாக, கை கொஞ்சம் நகரத்தான் பார்த்தது. ஆனால் பொய்யாக அளந்தால் மறு அளவையில் தப்பித்துவிடுவார். எனக்கு அவர் தப்பிக்கவே முடியாத ஒன்று வேண்டும். நூற்று மூன்று என்று எழுதி, விதிப்படி குழாயைப் போட்டோ எடுத்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

"பாத்தியா? நாங்கல்லாம் ரூல்ஸ் படி போற ஆளுங்க" என்றார்.

அவர் முதல் ஓட்டத்துக்குப் போனபோது வேலியோரம் மீட்டரோடு நின்றேன். கார் வளைவு திரும்பி நேராக வந்தது. தொண்ணூற்றெட்டு. காலையில் அளந்த கார் இந்தச் சத்தம் போடாது. அடைப்பைக் கழற்றிவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. போட்டியை நடத்தும் வடிவேலு அண்ணனுக்கு வாக்கி டாக்கியில் உடனே சொல்ல வேண்டும். அவர் கொடி காட்டி ஓரம் கட்டுவார். சரி பண்ணிக்கொண்டு அடுத்த ஓட்டம் ஓடலாம். பட்டனில் என் கட்டைவிரல் இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? அடைப்பை மாட்டிக்கொண்டு, "சாரி லா, லூசாயிடுச்சு" என்று பல்லைக் காட்டிவிட்டு, மிச்ச இரண்டு ஓட்டத்தில் ஒழுங்காகவே ஜெயித்துவிடுவார். நான் விரலை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது ஓட்டம், தொண்ணூற்றொன்பது. தாமானிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வேலிக்கு வந்தாள். குழந்தை வீரிட்டு அழுதது.

"ஏம்மா, அளக்கறேன்னுதானே நிக்கிற? காது கேக்குதா இல்லையா உனக்கு?"

"கேக்குதுக்கா. எழுதிக்கிட்டுதான் இருக்கேன்."

"எழுதி? எழுதினா பிள்ளை தூங்கிருமா?"

அந்தக் குழந்தைக்கு நான் செய்ததும் தப்புதான். தெரிந்துதான் செய்தேன். மூன்றாவது ஓட்டத்தையும் முழுசாக ஓடவிட்டேன்.

முக்கால் வினாடி வித்தியாசத்தில் திருச்செல்வம் ஜெயித்தார். வருஷக் கோப்பை அவருக்குத்தான். கார் கூடாரத்துக்குத் திரும்பியதும் பின்பக்கம் போய்க் குனிந்தேன். அடைப்பு குழாய்க்குள் பத்திரமாக இருந்தது. தடத்திலிருந்து திரும்பும் வழியில் செம்பனை மறைவு ஒன்று இருக்கிறது. அங்கே நிறுத்தி மாட்டியிருப்பார்.

"என்னம்மா தேடற? எல்லாம் இருக்கில்ல?" என்றார்.

இருந்தது. பொட்டும் இருந்தது. குழாய்க்கு மேலே பம்பரில் வைத்த பொட்டு வெந்து கரியாகிக் கிடந்தது. குழாயின் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விட்டேன். சீறிக்கொண்டு ஆவியானது. நடுவில் அந்த வளையத்தின் நெற்றியில் மட்டும் சந்தனம் மஞ்சள் மாறாமல், குங்குமம் சிவப்பு மாறாமல், அப்போதுதான் வைத்த மாதிரி.

சாமிக்குக் காட்டி மனைவி வைத்த பொட்டை அழிக்க அவருக்குக் கை வரவில்லை. துணியில் சுற்றி, சீட்டுக்கடியில் பத்திரமாக வைத்திருந்து, அப்படியே எடுத்து மாட்டியிருக்கிறார். ஊரை ஏமாற்றத் துணிந்தவருக்குப் பொட்டை அழிக்க மட்டும் பயம்.

காலையில் எடுத்த போட்டோவையும் அப்போது எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மீட்டரில் பதிவான மூன்று எண்ணையும் நேரத்தோடு காட்டினேன். அவர் முகம் தொங்கிவிட்டது. பின்னால் நின்ற உஷாராணி எட்டிப் பார்த்தார்.

"கழட்டினீங்களா? பொட்டு வச்சதையா கழட்டினீங்க?"

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினார். "உனக்கு என்னம்மா வேணும்? சொல்லு. நாம பேசிக்கலாம்."

நான் கேட்கவில்லை. அவராகத்தான் கேட்டார்.

"எங்கப்பா உங்க டைனோ ரூம்ல ஒன்பது வருஷம் வேலை செஞ்சார்னு எழுதுங்க. காதுக்கு ஒண்ணும் குடுக்கலன்னு எழுதுங்க. முன்னாடி குடுத்த கடிதம் பொய்னும் எழுதுங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

"எழுதிக் குடுங்க," என்றார் உஷாராணி. "மாயாண்டி அண்ணன் அந்த ரூம்லதானே கெடந்தாரு. நானே டீ கொண்டுபோய்க் குடுத்திருக்கேன்."

திருச்செல்வம் வேனிலிருந்து வொர்க்‌ஷாப் லெட்டர்ஹெட்டை எடுத்து வந்தார். மலாயில் எழுதினார். ஒரு தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். கையெழுத்தும் போட்டார். சாட்சிக்கு உஷாராணி கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"போதுமா? அந்தப் போட்டோவை அழிச்சிரு," என்றார்.

"அழிக்கறேன்னு நான் எப்ப சொன்னேன் அங்கிள்?"

நேராக வடிவேலு அண்ணனிடம் போய் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் கோப்பைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"முதல் ஓட்டத்துலயே தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மாட்டிக்கிட்டு ஓடியிருப்பார்."

"அதுக்குத்தாம்மா உன்னை நிக்க வச்சது! தாமான்ல கம்ப்ளெய்ன் பண்ணா அடுத்த வருஷம் பெர்மிட்டே போயிடும். தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ண்ணே. லேட்டா சொன்னேன்னு அதுலயே எழுதியிருக்கேன். கடைசி வரி."

அவர் கடைசி வரியைப் படித்தார். "இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன்."

"சரிண்ணே."

திருச்செல்வத்தின் ஓட்டம் மூன்றும் செல்லாது என்று மைக்கில் அறிவித்தார். வருஷக் கோப்பை செர்காம் ஊர் வாத்தியார் ஒருவருக்குப் போனது. அவர் நம்ப முடியாமல், கையில் கடித்த பிசாங் கோரெங் வாழைப்பழப் பஜ்ஜியோடு மேடைக்கு ஓடினார். கூட்டம் சிரித்தது. நானும்தான். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அப்பா என்னை அழைத்துப்போக மோட்டார் சைக்கிளில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். நான் அவரிடம் போவதற்குள் திருச்செல்வம் என்னைத் தாண்டி ஓடினார்.

"மாயாண்டி! உன் மக என்ன காரியம் பண்ணியிருக்கா தெரியுமா? எழுதி வாங்கிக்கிட்டு என் கழுத்தையும் அறுத்துட்டா! பொம்பளப் பிள்ளய வளத்திருக்க பாரு! படிக்க வச்ச திமிரு!"

அப்பா அவருடைய வாயையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்து, ஒன்பது வருஷம் நின்ற அதே பணிவோடு நீட்டினார்.

"கேக்கல முதலாளி. கொஞ்சம் எழுதிக் காட்டுறீங்களா?"

திருச்செல்வம் அந்தப் பேனாவைப் பார்த்தார். அதைத் தொடவே இல்லை.