அணைக்காமல் விட்ட டேப்

முதல் கடிதம் அரிசிப் பானையில் கிடைத்தது. உலைக்கு அரிசி அளக்க ஆஸியா பீவி படியை உள்ளே விட்டபோது, நீலத்தாள் ஒன்று சுருண்டு மேலே வந்தது. வெளிநாட்டுக்கு எழுதும் ஏர்லெட்டர். தம்பி பெண்டாட்டி அஜீசுன்னிசாவின் கையெழுத்து, குண்டு குண்டாக, பார்க்க அழகாக இருந்தது.

‘அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் லாத்தாவும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன வாரம் அரசலாற்றில் புதுத் தண்ணீர் வந்தது. அதைப் பார்க்க’

லாத்தா என்றது, அக்கா முறையில், ஆஸியா பீவியை. கடிதம் அதோடு சரி. பார்க்க யார் போனார்கள், பார்த்தார்களா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

அன்று முழுக்க ஆஸியா பீவி வீட்டைக் குடைந்தாள். மெத்தைக்கு அடியில் ஒன்று, தையல் மெஷின் டிராயரில் நான்கு, ஊறுகாய் ஜாடிக்கு மேல்மூடியாக நூல் போட்டுக் கட்டியபடி ஒன்று. முதலில் கிடைத்ததோடு சேர்த்து மொத்தம் ஏழு. ஒன்றுகூடப் பத்து வரியைத் தாண்டவில்லை. ஏழிலும் சலாம் மட்டும் முழுதாக இருந்தது.

இது 1983ஆம் வருஷம். தம்பி ஜெய்னுலாபுதீன் சார்ஜாவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டினான். எட்டு மாதமாகப் பெண்டாட்டியிடமிருந்து அவனுக்கு ஒரு வரி போகவில்லை. கடைசியாக அக்காவுக்கு எழுதியதில் அவன் சுற்றி வளைக்கவில்லை. ‘அவளுக்கு என்னோடு வாழ விருப்பம் இல்லை என்றால் வாயைத் திறந்து சொல்லிவிடட்டும். ரஜபு மாதம் லீவில் வருகிறேன். ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடித்துக்கொள்வோம்.’

காரைக்காலில் அந்தத் தெருவில் கடிதம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆஸியா பீவியின் வாப்பா சைகோனில் கடை வைத்திருந்தார். உம்மா அவரோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது, ஆனால் வாரம் ஒரு கடிதம் தவறாது. ஆம்பிளைகள் கப்பலேறிப் போன வீடுகளில் குடும்பம் என்பதே அந்தத் தாளில்தான் நடந்தது. எழுதாத பெண்டாட்டியைப் பற்றித் தெரு என்ன நினைக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம். அஜீசுன்னிசாவுக்கு அப்படிக் கொடுக்க வீடு இல்லை. அவளுடைய உம்மா வாப்பா இருவரும் இறந்துவிட்டார்கள். அதனால்தான் அவள் மாப்பிள்ளையின் விதவை அக்கா வீட்டுக்கு வாழ வந்தாள். இங்கிருந்து அனுப்பினால் அவள் போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

ஏழு தாள்களையும் கூடத்துப் பாயில் பரப்பி வைத்துவிட்டு ஆஸியா பீவி கூப்பிட்டாள்.

“ஏ புள்ள, இங்க வா. இது என்னா?”

அஜீசுன்னிசா குனிந்து பார்த்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. “எங்க லாத்தா கெடச்சுச்சு? இத நான் எங்கெல்லாம் தேடுனேன்!”

“அரிசிப் பானையில. எழுதுன கடுதாசிய அரிசிக்குள்ள போட்டா, அதுவா சார்ஜாவுக்குப் போவுமா?”

“எழுதிக்கிட்டே இருந்தேனா, உலை கொதிச்சுது. அரிசி அளக்கப் போனேன். கையில இருந்துருக்கும்.”

“ஏழு தடவையுமா உலை கொதிச்சுது?”

அவள் பாயின் கோரையைக் கால் நகத்தால் கீறிக்கொண்டு நின்றாள். வயது இருபத்தேழு. இப்படிக் கேட்கப்பட்டு நிற்பது அவளுக்குப் புதிது இல்லை.

ஆஸியா பீவி பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். தெருவில் எழுதத் தெரியாத பெண்களுக்கெல்லாம் அவள்தான் கடிதம் எழுதிக் கொடுப்பாள். தம்பிக்கும் மாதம் இரண்டு எழுதினாள். பால் பொங்கி வழிந்தது, சாவி தொலைந்தது, கதவைத் திறந்து போட்டதில் ஆடு புகுந்து காய்ந்த துணியைத் தின்றது என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். பெண்ணுக்குப் பொறுப்பு வர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எழுதினாள். அஜீசுன்னிசாவை நாகூர் தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதிப் பார்த்ததும் உண்டு. ஓதிக் கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலை அவள் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

அந்த வாரம் நூர் அகமது சலாம் சொல்ல வந்தான். ஜெய்னுலாபுதீனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்புகிறான்.

“எழுத வரலன்னா பேசச் சொல்லுங்க லாத்தா. அங்க எல்லாப் பயலும் இப்ப கேசட்டுதான். ஒருத்தன் பொண்டாட்டி ஆட்டுக்குட்டி கத்துறதகூட புடிச்சு அனுப்பிச்சிருக்கா. அவன் அதக் கேட்டு அழுவுறான்.”

“யாருக்காக? பொண்டாட்டிக்கா, குட்டிக்கா?”

“அத நான் கேக்கல,” என்றான் நூர் அகமது.

டேப்ரிக்கார்டர் வீட்டிலேயே இருந்தது. புதன்கிழமை மதியம் லுஹர் தொழுதபின் ஆஸியா பீவி புது கேசட்டைப் போட்டு, எந்தப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று காட்டினாள். புருஷனிடம் பேசும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் பெண்ணுக்கு வாய் வராது என்று அடுத்த வீட்டு உம்மு சல்மாவிடம் போய் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும், தீய்ந்த வாடை வந்தது. எழுந்து ஓடி, சட்டியை இறக்கி, வாயில் வந்தபடி ஏசிவிட்டு, மறுபடி உம்மு சல்மா வீட்டுக்கே போய்விட்டாள். சாயங்காலம் “பேசுனியா?” என்று கேட்டதற்கு, “பேசுனேன் லாத்தா” என்றாள் அஜீசுன்னிசா.

மறுநாள் காலை, நூர் அகமது வருவதற்கு முன், கேசட்டில் குரல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஆஸியா பீவி அதைப் போட்டாள்.

விழுந்திருந்தது. சலாம். உடம்பு விசாரிப்பு. ‘லாத்தா ரொம்ப நல்லா பாத்துக்குறாங்க.’ பிறகு, ‘இருங்க மச்சான், என்னமோ வாடை வருது, ஒரு நிமிஷம்.’ எழுந்து போகும் சத்தம். அவள் திரும்பி வரவில்லை. டேப்பை அணைக்கவும் இல்லை. அது பாட்டுக்கு ஓடியிருந்தது.

தூரத்தில் குழாய் திறக்கும் சத்தம். கொடியிலிருந்து துணி எடுத்து உதறும் சத்தம். துணி மடிக்கிறாளே, அடுப்பு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆஸியா பீவியின் குரல் உள்ளே வந்தது. ‘கண்ணு தெறந்துதான இருக்கு? மூக்கு இருக்குல? எந்த வேலையில உனக்குக் கருத்து இருக்கு? தின்னுறதுலயாவது இருக்கா? என் தம்பி தலையெழுத்து.’ தன் குரல் இவ்வளவு கட்டையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கதவு அறையும் சத்தமும் கேட்டது.

பிறகு அஜீசுன்னிசாவின் குரல், தணிவாக, குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளை பாடம் சொல்வதுபோல.

‘அடுப்பு, கதவு, சாவி, டேப்பு. அடுப்பு, கதவு, சாவி, டேப்பு.’

நடந்துகொண்டே சொல்கிறாள். குரல் கிட்டே வருகிறது, தள்ளிப் போகிறது. ‘அடுப்பு அணைச்சாச்சு. கதவு சாத்தியாச்சு. சாவி... சாவி இடுப்புல இருக்கு. அடுப்பு, கதவு, சாவி.’ அந்தச் சுற்றில் டேப் விட்டுப்போயிற்று. அடுத்த சுற்றில் சாவியும். ‘அடுப்பு, கதவு... நாலு சொன்னேனே. அல்லாவே, நாலு சொன்னேன்.’ உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம். ஒன்றில்லை, ஏழெட்டு அடி. ‘நாலுதான. நாலுகூட நிக்காதா உனக்கு?’ பிறகு முதலிலிருந்து. ‘அடுப்பு, கதவு...’

கேசட்டின் பக்கம் தீர்ந்து பொத்தான் தானாக மேலே எழும்பியது.

மனசு வைக்காதவள் என்றுதான் ஆஸியா பீவி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். மனசு வைக்காதவள் யாரும் பார்க்காத இடத்தில் இப்படிக் கணக்குப்பாடம் மாதிரி சொல்லிக்கொண்டு நடக்க மாட்டாள். தெருவில் எந்தப் பெண்ணும் அடுப்பை அணைக்க இத்தனை பாடுபட்டு அவள் பார்த்ததில்லை.

கதவோரம் அஜீசுன்னிசா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“அழிச்சிடுங்க லாத்தா. வேற பேசித் தர்றேன்.”

“நெத்திய காட்டு.”

“ஒண்ணும் இல்ல லாத்தா.”

“எத்தன நாளா இப்புடி அடிச்சிக்கிறே?”

“சின்னதுலேர்ந்து. அடிச்சா சில நேரம் ஞாபகம் வரும்.”

ஆஸியா பீவி கேசட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழித்தால் நல்லதாக நாலு வார்த்தை பேசி அனுப்பலாம், ஒரு தடவைக்குச் சரியாகப் போகும். இதை அனுப்பினால் தம்பி என்ன நினைப்பானோ. புத்தி சரியில்லாதவளைக் கட்டி வைத்துவிட்டார்கள் என்றுகூட நினைக்கலாம். அவள் வழக்கமாகச் செய்வதுபோல் தானே முடிவெடுக்காமல், அன்றைக்கு முதல் தடவையாகக் கேட்டாள்.

“நீ சொல்லு. அனுப்பவா, அழிக்கவா? உன் வாழ்க்கை இது.”

வாசலில் நூர் அகமதுவின் செருப்புச் சத்தம் கேட்டது.

“அனுப்புங்க. பொய்யா பேசி அனுப்புனா, என்ன பேசுனேன்னு நாளைக்கு எனக்கே மறந்துடும்.”

நாற்பது நாள் ஆயிற்று. யார் மூலமாகவோ மதராஸ் வந்து, அங்கிருந்து தபாலில் கேசட் ஒன்று வந்தது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டார்கள்.

ஜெய்னுலாபுதீன் முதலில் இருமினான். ‘லாத்தா, அஜீசு, ரெண்டு பேரும் கேளுங்க. நான் இத ரூம்புல ஒருக்கா கேட்டேன். அப்புறம் கார்ல. டாக்டரம்மாவ ஆஸ்பத்திரியில எறக்கிட்டேன்னு நெனச்சு போட்டேன். அவங்க பின்னாடிதான் இருக்குறாங்க. நிறுத்தப் போனா, நிறுத்தாதே, முழுசா ஓடட்டும்னுட்டாங்க. அவங்க பாண்டிச்சேரிக்காரங்க. புள்ளைங்களுக்குப் பாக்குற டாக்டரு. அவங்களே பேசுறாங்க.’

பெண் குரல், அவசரமில்லாத குரல். ‘ஒரு டேப்பக் கேட்டு நோய் சொல்றது டாக்டருக்கு அழகு இல்ல. அதனால உறுதின்னு எடுத்துக்காதீங்கம்மா. ஆனா என்கிட்ட வர்ற சில புள்ளைங்க இதே மாதிரி. புத்தி நல்லா இருக்கும். கவனம் மட்டும் ஒரு எடத்துல நிக்காது. அட்டென்ஷன் டெஃபிசிட் டிசார்டர்னு புத்தகத்துல இந்தப் பேரு வந்தே மூணு வருஷம்தான் ஆவுது. அந்தப் புள்ளைங்க வளந்தப்புறம் எல்லாருக்கும் இது போயிடுறதில்ல. பெரியவங்களப் பத்தி நாங்களே இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கோம். இது சோம்பல் இல்ல. கெட்ட குணமும் இல்ல. தலையில அடிச்சிக்காதீங்க, அதனால ஒண்ணும் நிக்காது. வேலை செய்யிறப்ப பக்கத்துல யாராச்சும் சும்மா உக்காந்திருந்தா பாருங்க. புள்ளைங்களுக்கு அது உதவுது. ஏச வேண்டாம், சொல்லிக் குடுக்கவும் வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்.’

மறுபடி ஜெய்னுலாபுதீன். ‘நாலுல மொத விட்டுப்போனது டேப்புதான, அஜீசு? அதுவும் நல்லதுக்குத்தான். நான் வர்றேன். ஜமாஅத்துக்கெல்லாம் போவ வேண்டாம்.’

அஜீசுன்னிசா பொத்தானை அழுத்தி டேப்பை நிறுத்தினாள். பிறகு எழுந்து போய், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் சமையலறை நடுவில் நின்று, சிரித்தாள்.

“எனக்கு இதுக்கு ஒரு பேரு இருக்குதாம் லாத்தா.”

“ஆமா. நான் இத்தன நாளு வச்ச பேரெல்லாம் தப்பு,” என்றாள் ஆஸியா பீவி.

பேர் கிடைத்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. மருந்து ஒன்றும் வரவில்லை. தச்சரைக் கூப்பிட்டு அலமாரிக் கதவுகளைக் கழற்றினார்கள். மூடி வைத்தது எதுவும் அவளுக்கு இல்லாத பொருள் என்பதை ஆஸியா பீவி புரிந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அந்த அலமாரியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சாவிகளெல்லாம் சமையலறை நிலையில் ஒரே ஆணியில் தொங்கின. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஆம்பிளைகள் போன நேரத்தில் அஜீசுன்னிசா கேசட்டில் பேசுவாள், ஆஸியா பீவி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முடிவில் எட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அழுத்த மாட்டாள். பாதி வாரம் அஜீசுன்னிசாவே அழுத்தினாள். மீதி வாரம் தெருச் சத்தமெல்லாம் சேர்ந்து சார்ஜாவுக்குப் போயிற்று.

எண்பத்தாறில் ரேஷன் கார்டு காணாமல் போய், ஆடும் ஸ்டவ்வின் காலுக்கு முட்டாக வைத்தபடி கிடைத்தது. அன்றைக்கு ஆஸியா பீவி பழையபடி கத்தித் தீர்த்தாள். அஜீசுன்னிசா கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, “முடிஞ்சுதா லாத்தா? இப்ப கொஞ்சம் கூட உக்காருங்க, மீன் கழுவணும்” என்றாள்.

சொன்னபடி அந்த முதல் ரஜபில் லீவுக்கு வந்தபோதே ஜெய்னுலாபுதீனும் அப்படிக் கூட உட்காரப் பழகிக்கொண்டான். தொழுதுவிட்டு வந்து நேராகச் சமையலறை வாசற்படியில் உட்காருவான்.

“ஆம்பிளைக்கு இங்க என்னா வேல?” என்பாள் அவள்.

“எனக்கு ஒரு வேலையும் இல்ல. அதான் வேல.”

எண்பத்தெட்டு ஐப்பசியில் அஜீசுன்னிசாவுக்கு மஞ்சள்காமாலை கண்டது. பதினெட்டு நாள். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும் “அடுப்பு?” என்று கேட்டாள். “அணைச்சாச்சு,” என்றாள் ஆஸியா பீவி. ஒரு நாளில் ஐந்தாறு தடவை கேட்டாள், ஒவ்வொரு தடவையும் ஆஸியா பீவி முதல் தடவைபோலவே பதில் சொன்னாள். பிறகு அவள் மௌத்தானாள்; சாவுச் செய்தி தந்தியில் போயிற்று. சார்ஜாவிலிருந்து ஜெய்னுலாபுதீனால் வந்து சேர முடியவில்லை. கடைசி நாட்களைப் பற்றி ஒன்று விடாமல் எழுதச் சொல்லி அக்காவுக்குப் பதில் தந்தி கொடுத்திருந்தான்.

தெருவுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவள் ஏர்லெட்டரைப் பிரித்து வைத்தாள். சலாம் எழுதினாள். ‘அன்று காலை அவள்’ என்று எழுதினாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து இன்னொரு தாளை எடுத்தாள். மூன்றாவது தாளும் நாலாம் வரியில் நின்றது. மூன்றையும் மடித்து எங்கே வைத்தாள் என்பது அப்புறம் அவளுக்கே நினைவில்லை.

பின்கட்டுச் சுவர்மேல் எட்டிக் கூப்பிட்டாள்.

“உம்மு சல்மா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?”

“என்னா லாத்தா, எதுவும் எடுத்துத் தரணுமா?”

“ஒண்ணும் வேண்டாம். பேசவும் வேண்டாம். நான் எழுதணும். சும்மா கூட உக்காரு.”

உம்மு சல்மா முறத்தில் உளுந்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்கால அஸர் பாங்கு சொல்வதற்கு முன் கடிதம் முடிந்தது. இரண்டு தாள், முன்னும் பின்னும். கையெழுத்துப் போட்டு, அப்போதே எழுந்து, அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள்.